ஒன்பதாவது சென்சார்

அம்சவேணியைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் கணக்கில் புலி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவள். அவள் நைனா ஆதிகேசவன் அந்த மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு கேட்டவருக்கும் காட்டினார், கேட்காதவருக்கும் காட்டினார். அப்பேர்ப்பட்ட புலி ஓரிடத்தில் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். தெலுங்கில் எட்டு எது, ஒன்பது எது என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடாது.

தெலுங்கே தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மார்க்கெட்டில் தெலுங்கில் பேரம் பேசுவாள், பஸ்ஸில் சீட்டுக்காகத் தெலுங்கில் சண்டை போடுவாள். எனிமிதி என்றால் எட்டு, தொம்மிதி என்றால் ஒன்பது என்று எழுதிக் காட்டினால் புரியும். காதில் விழும்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி 'மிதி' என்று முடிந்து அவளைக் குழப்பும். திருப்பதியில் பாலிடெக்னிக் சேர்ந்த முதல் நாள், வார்டன் எனிமிதி என்று சொன்ன அறையை விட்டுவிட்டு ஒன்பதாம் அறைக்குப் போய், துணியெல்லாம் அடுக்கி வைத்து, யாரோ ஒருத்தியின் கட்டிலில் தூங்கியும் போய்விட்டாள். மூன்று வருஷம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

படிப்பு முடிந்ததும் திருப்பதியிலேயே வேலை கிடைத்தது. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. பால் குளிரூட்டும் நிலையங்களுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் கண்ட்ரோல் பெட்டி செய்து கொடுப்பார்கள். தகரப் பெட்டி, உள்ளே ஒரு போர்டு, வெளியே இரண்டு வரி டிஸ்ப்ளே, நாலு பட்டன். போர்டுக்குள் ஓடும் ப்ரோகிராமை சி மொழியில் எழுதுவது அம்சவேணி ஒருத்திதான். முதலாளி நாகேந்திரன் வெளியாட்களிடம் அவளை அறிமுகப்படுத்தும்போது, "இவுங்கதான் பெட்டிக்கு உசுரு குடுக்கறவங்க" என்பார்.

திருத்தணிக்காரர் தமிழ்ச்செல்வனைக் கட்டிக்கொண்ட பிறகு வீடு புத்தூருக்கு வந்தது. காரணம் ரொம்ப எளிது. அவர் கிழக்கே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் ஏற வேண்டும், இவள் மேற்கே திருப்பதிக்கு ரயில் ஏற வேண்டும். காலையில் ஒரே வாசலிலிருந்து ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். மகள் யாமினிக்கு இட்லியை ஊட்டிக்கொண்டே அம்சவேணி மனசுக்குள் ப்ரோகிராம் எழுதுவாள். பதினாறு வருஷத்தில் அவள் பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் கூடவே உண்டு என்று தமிழ்ச்செல்வன் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாங்காய் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு, சித்தூரில் ஒரு கூழ் ஆலையிலிருந்து ஆர்டர் வந்தது. மாங்கூழைக் குழாயில் ஓடவிட்டுச் சூடு பண்ணுவார்கள். வழி நெடுக அங்கங்கே சென்சார் இருக்கும். எங்காவது சூடு குறைந்தால் பெட்டி ஒரு வால்வைத் திருப்பி, கூழை மறுபடி சூடேற்ற அனுப்பிவிடும். எல்லா இடமும் சரியாக இருந்தால்தான் கூழ் டிரம்முக்குப் போகும். எந்த இடம் குறைந்தது என்று டிஸ்ப்ளேயில் வரும். மூன்றாவது என்றால் 'டி-3 லோ' என்று.

அந்தக் குழாய் லைனின் வரைபடம் வர நாளாகும் என்றார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அம்சவேணி நேராக ஆலைக்கே போன் போட்டாள். எடுத்தவர் முனுசாமி. வெதுருகுப்பம் பக்கத்துத் தமிழர், அந்த லைனைப் பன்னிரண்டு சீசனாக ஓட்டுகிறவர்.

"அண்ணா, லைன்ல மொத்தம் எத்தினி சென்சார் கீது?"

முனுசாமி வீட்டில் தமிழ் பேசினாலும் தொழிலைக் கற்றது தெலுங்கில். அதனால் எண்கள் அவர் வாயில் பெரும்பாலும் தெலுங்காகத்தான் வரும். பின்னால் நீராவி சீறிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பின்பாதி மட்டும் இவள் காதில் விழுந்தது. மறுபடி கேட்டால் என்ன? கேட்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியவள் எட்டா ஒன்பதா என்று எப்படிக் கேட்பாள்! ஒன்பது என்று எழுதிக்கொண்டு, சூடு பார்க்கும் ஃபங்ஷனை அன்று மதியமே எழுதி முடித்துவிட்டாள்.

ஃபங்ஷன் என்பது ப்ரோகிராமுக்குள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு துண்டு. அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயருக்குப் பக்கத்தில், தனக்கு என்ன சாமான் வந்து சேரும் என்பதை அறிவித்திருக்கும். 'எனக்கு வெப்பநிலைகளின் வரிசை ஒன்று வரும், அதில் ஒன்பது எண் இருக்கும்' என்று அவள் அறிவித்தாள். சதுர அடைப்புக்குள் 9 என்று போட்டாள். உள்ளேயும் ஒன்று முதல் ஒன்பது வரை பார் என்று எழுதினாள்.

பிறகு வரைபடம் வந்தது. எட்டு என்றிருந்தது. அம்சவேணி தலையில் தட்டிக்கொண்டு, முதன்மைக் கோப்பில் வரிசையை எட்டாக மாற்றினாள். ஃபங்ஷன் இருந்தது இன்னொரு கோப்பில். அங்கே 9 அப்படியே கிடந்தது. அவள் மறந்தாள் என்று சொல்வதைவிட நம்பினாள் என்று சொல்வதுதான் சரி. அறிவித்தது ஒன்பது, கொடுத்தது எட்டு என்றால் ப்ரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் கத்தாதா? அரைப்புள்ளி ஒன்றை விட்டால் ஊரைக் கூட்டுகிற கம்பைலர், இவ்வளவு பெரிய தப்பைச் சும்மா விடுமா என்று நினைத்தாள்.

விட்டது. அந்த இடத்தில் அடைப்புக்குள் போடுகிற எண்ணை சி மொழி எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஒன்பது போட்டாலும் சரி, தொண்ணூறு போட்டாலும் சரி. வரிசை எங்கே தொடங்குகிறது என்ற விலாசம் மட்டும்தான் ஃபங்ஷனுக்குப் போகும். எத்தனை என்பது போகாது. எட்டு வீடு உள்ள தெருவுக்குக் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் ஒன்பது வீடு என்று சொல்லியனுப்பியது போலத்தான். எட்டாவது வீட்டை அடுத்து என்ன இருக்கிறதோ, மாட்டுக் கொட்டகையோ பெட்டிக்கடையோ, அங்கே நுழைந்து கண்ணில் பட்ட எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். எழுதி வந்ததைப் பார்த்தால் தப்பு என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு சீசன் பெட்டி ஒழுங்காக ஓடியது. எட்டாவது எண்ணுக்கு அடுத்த இடத்தில் எப்போதும் ஏதோ ஒரு பெரிய எண் மிச்சம் கிடந்திருக்கிறது. பெரிய எண் என்றால் நல்ல சூடு என்று அர்த்தம். பெட்டியும் திருப்தியாக வால்வைத் திறந்து வைத்திருந்தது.

இந்த வருஷம் ஜூன் கடைசியில், தோதாபுரி மாங்காய் லாரி லாரியாக வந்து வாசலில் நின்ற ஒரு முற்பகலில், டிஸ்ப்ளேயில் 'டி-9 லோ' என்று வந்தது.

முனுசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். வால்வு திரும்பிவிட்டது. கூழ் டிரம்முக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டனை அழுத்தினால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். மூன்று தரம் இப்படி. பட்டனை அழுத்தி எட்டு சென்சாரின் சூட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் சரி. வெளியே லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு பண்ணி, சாவியைத் திருப்பி, வால்வைக் கையால் ஓட்டும் மேனுவலுக்குப் போட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மேனுவலில் இருந்த அந்த நேரத்தில் பாய்லர் கொஞ்சம் இறங்கிவிட்டது. நிஜமாகவே நாலாவது இடத்தில் சூடு குறைந்தது. தடுக்க வேண்டிய பெட்டி வேலையில் இல்லை. வேகாத கூழ் சில நிமிஷம் டிரம்முக்குள் போனது. இரண்டு வாரம் கழித்து கோடவுனில் இருபத்தியிரண்டு டிரம் கூழ் கெட்டு உப்பிக்கொண்டு நின்றன.

விசாரணை வைத்தார்கள். ஏன் மேனுவலுக்குப் போட்டாய் என்று கேட்டார்கள். டி-9 காட்டியது என்றார் முனுசாமி. லைனில் இருப்பதே எட்டு, ஒன்பதாவது எங்கிருந்து வந்தது என்றார்கள். அவர் மறுபடி, நான் பார்த்தேன் என்றார். குடித்துவிட்டு வந்தாயா என்று ஒருவர் கேட்டார். பதினாலு சீசனில் முனுசாமி கள் வாசனைகூடப் பிடிக்காதவர். அவருக்குக் கோபம் வந்து, பெட்டி செய்த மேடத்தையே கேட்கலாம் என்று போனை எடுத்து, மேனேஜர் மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டார்.

அம்சவேணி அப்போது வேறொரு போர்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருப்பது அவளுக்குத் தெரியாது. டிரம் உப்பியதும் தெரியாது.

"மேடம், ஒரு டவுட்டு. நம்ப பெட்டில ஒம்பதாவது சென்சார் ஒண்ணு கீது தானே? டி-9ன்னு?"

"எட்டு தாண்ணா. ஒம்பதாவது எங்கேர்ந்து வரும்?" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நல்ல மனுஷரிடம் பேசுகிற உரிமையில் வந்த சிரிப்பு அது.

"இல்ல மேடம், நான் கண்ணால பாத்தேன்…"

பின்னாலிருந்து யாரோ தெலுங்கில், "சாலு, பெட்டேய்" என்றார். போதும், வை என்று அர்த்தம். போன் கட்டாகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் தயிர் சோற்றைப் பிசையும்போது அவளுக்குக் கை நின்றது. அவர் எதற்கு ஒன்பது என்று சொன்னார்? எட்டைப் பத்து என்று சொல்லவில்லை, ஏழு என்று சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பழைய கோப்பைத் திறந்தாள். அடைப்புக்குள் 9 உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. உடனே முனுசாமிக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. ஆலையில் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டபோதுதான் டிரம் கதையும், ஸ்பீக்கர் கதையும், அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்த கதையும் தெரிந்தது. மேடமே சிரிச்சாங்களாமே என்று அந்த ஆள் சொன்னார்.

அன்று சாயங்காலமே நாகேந்திரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அவளுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது. நாகேந்திரன் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார்.

"சரி அம்சவேணி. காட்டு. டி-9 வர்றத என் கண்ணுக்குக் காட்டு. காட்டிட்டன்னா நானே சித்தூர் போயி அவங்க கால்ல உழுந்து சொல்றேன்."

காட்டுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள். அதே போர்டை மேஜையில் வைத்து, எட்டு சென்சாருக்குப் பதில் எட்டுத் திருகு குமிழ் வைத்து, சூடு இருப்பது போலச் செய்து ஓடவிட்டாள். ஒரு நாள் முழுக்க ஓடியது. டி-9 வரவில்லை. இரண்டாம் நாள் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினாள். வரவில்லை. மூன்றாம் நாள் கரண்ட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டாள், ஹேர் டிரையர் கொண்டு வந்து போர்டைச் சூடாக்கினாள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தாள். பெட்டி சமர்த்தாக எட்டையும் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. டைல்ஸ் கடைப் பையன்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாவது இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்போமே என்று ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். ஒரு வரி சேர்ந்ததும் உள்ளே எல்லாம் இடம் மாறிவிட்டன. அடுத்த இடத்தில் இப்போது வேறு எதுவோ இருந்தது. பார்ப்பதற்காக விளக்கைப் போட்டால் திருடன் வேறு தெருவுக்குப் போய்விடுகிறான். அந்த எண்ணை நாகேந்திரனிடம் காட்டினாள்.

"பாருங்க சார், ஒம்பதாவத படிக்குது. இல்லாதத படிக்குது."

"படிக்குது. ஆனா பெரிய நம்பர் தானே வருது? லோன்னு எப்டி காட்டும்?"

"அன்னிக்கி வேற எதுனா இருந்திருக்கும் சார்."

"இன்னா இருந்திருக்கும்?"

அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கரண்ட் போனதும் அழிந்து போகிற இடம் அது. அன்று அந்த நொடியில் அங்கே என்ன கிடந்தது என்று எந்த சாமிக்குத் தெரியும்?

மொழியின் விதிகளைத் தேடிப் படித்தாள். வரிசையின் எல்லையைத் தாண்டிப் படித்தால் என்ன நடக்கும் என்று வரையறுக்கப்படவில்லை என்றிருந்தது. எது வேண்டுமானாலும் நடக்கலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். அந்த அடைப்புக்குள் ஸ்டாட்டிக் என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால், அந்த எண் ஒரு வாக்குறுதி ஆகுமாம். 'குறைந்தது இத்தனை தருவேன்' என்று கூப்பிடுகிறவர் கொடுக்கும் வாக்கு. அதை மீறினாலும் கம்பைலர் கட்டாயம் பிடிக்கும் என்றில்லை. அப்போதும் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. படித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷரின் பிழைப்பு போய்விட்டது, புத்தகம் இப்படிச் சொல்கிறதே என்று ஆத்திரமாகவும் வந்தது.

நாலாம் நாள் நாகேந்திரன், "தப்ப சரி பண்ணிட்டியா?" என்று கேட்டார். பண்ணிவிட்டாள். 9 என்ற எண்ணை 8 ஆக்க அரை நொடிதான் ஆனது. "அப்ப எல்லாப் பெட்டிக்கும் புது வெர்ஷன் போடச் சொல்லு. வழக்கமான அப்டேட்டுன்னு சொன்னாப் போதும்." அவர் எழுந்து போகும்போது அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "நிரூபிக்க முடியாதத நாமளே போயி ஒத்துக்கினா, நாளைக்கு எந்த ஆலையில எது கெட்டாலும் நம்ப பெட்டின்னு சொல்லுவாங்கம்மா. பன்னெண்டு குடும்பம் கீது."

அம்சவேணி சண்டை போடவில்லை. லீவு போட்டுவிட்டு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புத்தூரிலிருந்து சித்தூர் பஸ் ஏறினாள். தமிழ்ச்செல்வனிடம் மட்டும் சொன்னாள். "போயி சொல்லிட்டு வா. சொல்லலன்னா உனக்கு சோறு இறங்காது" என்றார். அது உண்மைதான். பல நாளாக இறங்கவில்லை.

ஆலை மேனேஜர் ஸ்வர்ணலதா வேலூரில் படித்தவர், தமிழ் நன்றாகவே வரும். உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்தார். அம்சவேணி ப்ரோகிராமின் இரண்டு பக்கங்களை அச்செடுத்து வந்திருந்தாள். எட்டு இங்கே, ஒன்பது அங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். போனில் தப்பாகக் காதில் வாங்கியதையும் மறைக்காமல் சொன்னாள். ஸ்வர்ணலதா பொறுமையாகக் கேட்டார். நடுவில் புத்திசாலித்தனமான ஒரு கேள்வியும் கேட்டார்.

"அப்ப முனுசாமி அன்னிக்குப் பாத்தது உங்க தப்பாலதான் வந்துச்சுன்னு எழுதித் தர்றீங்களா?"

"வந்திருக்கலாம்னு எழுதித் தரேன் மேடம்."

"வராமலும் இருந்திருக்கலாமா?"

பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் காரியம் முடிந்திருக்கும். 'நிச்சயமா வந்துச்சு' என்று ஒரு வார்த்தை. ஆனால் ஏற்கெனவே ஒரு தரம் யோசிக்காமல் நிச்சயமாகச் சொல்லித்தானே இவ்வளவும் ஆனது?

"இருந்திருக்கலாம்" என்றாள்.

"உங்க டேபிள்ல வந்துச்சா?"

"வர்ல மேடம்."

"கம்பெனி லெட்டர்ல தருவீங்களா?"

"இல்ல. என் பேர்ல."

ஸ்வர்ணலதா அந்த இரண்டு பக்கங்களையும் அடுக்கி அவள் பக்கமாகத் தள்ளினார். அதில் இளக்காரம் இல்லை. "நான் மேல இருக்கறவங்களுக்கு என்னன்னு எழுதறது? வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்னா?" என்றார். பிறகு டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இன்னொண்ணு. அவரே போன வாரம் எழுதிக் குடுத்துட்டார்."

தெலுங்கில் யாரோ எழுதி, கீழே முனுசாமி கையெழுத்துப் போட்டிருந்தார். அம்சவேணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். டிஸ்ப்ளேயில் ஒன்பதாவது சென்சார் எதுவும் காட்டவில்லை. அன்று நான் மது அருந்தியிருந்தேன். என் கவனக்குறைவால் மேனுவலுக்கு மாற்றிவிட்டேன். மன்னித்து வேறு ஏதாவது வேலை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"லைன்ல ஏத்த முடியாது. யார்டுல லோடு இறக்கற வேலை குடுத்திருக்கோம். பதினாலு வருஷம் வேலை செஞ்சவர். என்னால முடிஞ்சது அதுதான்" என்றார் ஸ்வர்ணலதா. அவர் கண்ணைப் பார்த்தால் அதுவும் நிஜமாகவே தெரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்று அம்சவேணிக்குத் தெரியவில்லை.

யார்டில் ஏழெட்டு லாரி நின்றன. வெயில் சுட்டது. முனுசாமி ஒரு லாரியின் பின்னால் நின்று மாங்காய் கிரேட்டுகளை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயசு. சட்டையை மாங்காய்ப் பால் தின்றிருந்தது. இவளைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, லாரி நிழலுக்கு வந்தார்.

"வாம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

"அண்ணா, நீங்க பாத்தது நெசம். டி-9 வந்திருக்கும். நான் எழுதினதுல தான் தப்பு. அன்னிக்கி போன்ல தெரியாம சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்கண்ணா."

வழியெல்லாம் இந்த வார்த்தைகளைத்தான் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டதும் அவர் திட்டுவார், இல்லை அழுவார், எப்படியும் அவர் மனசு ஆறும் என்று நினைத்தாள். முனுசாமி ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமா சொல்லாதம்மா."

"நீங்க எதுக்குண்ணா குடிச்சேன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"வேற இன்னா எழுத? பாத்தேன் பாத்தேன்னு சொல்லிக்கினு இருந்தேன், ஒருத்தனும் நம்பல. பொண்டாட்டி வரலட்சுமியே கண்ணு டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா. கண்ணு நல்லா கீதுன்னுட்டார். அப்றம் அவளுக்கும் சந்தேகம் வந்துச்சி. குடிச்சேன்னு சொன்னேன், ஒடனே எல்லாருக்கும் புரிஞ்சிபோச்சி. ஒருத்தன்கூட எதிர்கேள்வி கேக்கல."

அம்சவேணி கையிலிருந்த அச்சுத் தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கை அழுக்கு என்று காட்டினார்.

"போன செவ்வாக்கெழம காணிப்பாக்கம் இட்டுக்கினு போனாம்மா. குடிய உட்டுடறேன்னு புள்ளையார் எதுர சத்தியம் பண்ண வெச்சா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "கொளத்துல முழுகி ஈரத்துணியோட நின்னேன். குடிக்க மாட்டேன்னு சொல்றதுல எனக்கு இன்னா கஷ்டம், குடிச்சாத்தானே? ஆனா அவ, 'இனிமே'ன்னு சேத்துச் சொல்லுங்கன்னா. சுத்தி ஜனம் பாத்துக்கினு கீது. இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

லாரி மேலிருந்தவன் "மாமா, ரா!" என்று கூப்பிட்டான். அவர் வருகிறேன் என்று கை காட்டினார்.

காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் பண்ணினவர்களைப் பிள்ளையார் தண்டிக்காமல் விடமாட்டார் என்று அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கடன் வாங்கினவன் இல்லை என்று சாதித்தாலும், களவெடுத்தவன் மறுத்தாலும், காணிப்பாக்கத்துக்கு வா என்றால் பாதி வழியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவான். முனுசாமி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த 'இனிமே' மட்டும் தாம்மா பொய்யி. மத்தது எல்லாம் நெசம். நீ படிச்சவ. ஒரே ஒரு வார்த்த. அதுக்கு எதுனா ஆவுமா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல அம்சவேணி வாயைத் திறந்தாள். எது வேண்டுமானாலும் நடக்கலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம் என்று படித்த வரிதான் நாக்கில் வந்து நின்றது. மறுபடி கூப்பிட்டார்கள். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிரேட்டு இறக்கப் போனார்.